உதகை வானொலித் தொலைநோக்கியும் தொலைதூர ஐதரசன் அளக்கையும்

உதகை வானொலித் தொலைநோக்கி என்பது நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரையில் அமைந்துள்ள வானொலித் தொலைநோக்கி ஆகும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப்பின் தலைமையில் இது கட்டப்பட்டு 1970 இல் செயற்படத் தொடங்கியது. தொலைதூர விண்மீன் பேரடைகளிலுள்ள ஐதரசனை (ஹைட்ரஜன்) அளக்கும் முயற்சிகளில் இதற்குத் தனியிடம் உண்டு.

அமைப்பு

இது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை ஆகும். இது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை; அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே உருளையின் நீள அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக உள்ளது. ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தொடரலாம். கேத்திப் பள்ளத்தாக்கில் தேயிலையும் காய்கறியும் விளைவது போன்ற ஒரு சரிவே இங்குக் கருவியின் ஓர் உறுப்பாகிவிட்டது எனலாம்.

ஐதரசன் அலை

நடுநிலை ஐதரசன் அணு 21 செ.மீ. அலைநீளத்தில், அதாவது 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், வானொலி அலையை வெளியிடுகிறது. அண்டம் விரிவடைவதால் தொலைவிலிருந்து வரும் அலை நீண்டு, அதன் அதிர்வெண் குறைகிறது. இதுவே செம்பெயர்ச்சி. உதகைத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை மட்டுமே பெறும். ஐதரசன் அலை 4.35 மடங்கு நீண்டால்தான் இவ்வதிர்வெண்ணை அடையும். அவ்வலை ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டதாகும். நிலவு மறைக்கும் வானொலி மூலங்களை ஆராய்வதற்காகவே இக்கருவி முதலில் அமைக்கப்பட்டது. ஐதரசன் ஆய்வுக்கு இது பொருந்தியது எதிர்பாராத பேறு.

எனினும் அத்தொலைவில் தனித்தனிப் பேரடைகளின் அலை மிக மெலிந்தது. நமது பால்வழியின் வானொலி உமிழ்வோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வலியது. பால்வழியின் உமிழ்வு அதிர்வெண்ணுடன் சீராக மாறும். ஐதரசனின் குறிப்பலை ஏற்றத்தாழ்வுடன் மாறும். இவ்வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரிக்க வேண்டும். கருவியின் சிறு பிழையும் மனிதர் உண்டாக்கும் அலைகளும் இதைக் கெடுத்துவிடும். இதற்கெனத் திட்டமிடப்பட்டதே உதகை அகல்புல அணி. இதில் 1,056 இருமுனை அலைவாங்கிகள் நான்கு நான்காக 264 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியின் குறிப்பலையும் தனியே எண்ணிமமாக்கப்படும்.

பிற அளக்கைகளும் எதிர்காலமும்

புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி வேறு வழியைக் கையாண்டது. 7,653 பேரடைகளின் குறிப்பலைகளைச் சேர்த்துச் சராசரி கண்டு, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஐதரசனை அளந்த ஆய்வு 2020 இல் வெளியானது.

இந்தியாவும் பங்கேற்கும் சதுரக் கிலோமீட்டர் அணி ஆசுத்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்பட்டு வருகிறது. ஆசுத்திரேலியப் பகுதி 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை பெறும். எனவே உதகைத் தொலைநோக்கி நோக்கும் அதே காலகட்டம் அதன் எல்லைக்குள்ளும் அடங்கும்.