அம்மாவைக் காணவில்லை: கேட்காமல் விடக்கூடாத கேள்விகள்

"கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிருப்பாங்க, ரெண்டு நாள் பாருங்க." அம்மாவைக் காணோம் என்று பதறி ஓடும் பிள்ளைகளுக்குப் பல நேரம் கிடைக்கிற முதல் பதில் இதுதான். சொந்தக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். கூடவே குரலைத் தாழ்த்தி, அம்மாவின் நடத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்படிக் கழியும் நாட்களில்தான் தடயங்கள் அழிகின்றன. கடைக் கேமராவில் பழைய பதிவின் மேல் புதுப்பதிவு ஏறிவிடுகிறது. பேருந்து நடத்துநருக்கு முகம் மறந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் பதில் கிடைக்காமல் நிற்கும் கேள்விகளில் பலவும், உரிய நேரத்தில் எழுத்தில் கேட்கப்படாததால்தான் அப்படி நிற்கின்றன.

காத்திருக்கச் சொல்லும் சட்டம் இல்லை

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கணவர்தான் வரவேண்டும் என்பதும் கிடையாது. மகள், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என யாரும் புகார் கொடுக்கலாம். வீட்டில் உள்ளவர் மீதே சந்தேகம் இருந்தால், பிள்ளைகளோ பிறந்த வீட்டாரோ தனியாக ஒரு புகார் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் சந்தேகத்துக்குரியவர் சொல்வதே வழக்கின் கதையாகிவிடும்.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் 'பெண் காணவில்லை' என்றே எஃப்.ஐ.ஆர். பதியும் வழக்கம் உண்டு. புகார் வந்ததற்கு அடையாளமாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மிரட்டல், கடத்தல், அடைத்துவைத்தல், கொலை என எந்தச் சந்தேகம் இருந்தாலும் அதைக் காரணத்தோடு மனுவிலேயே எழுதுங்கள். புகாரில் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாண போட்டோ உதவாது. அண்மையில் எடுத்த படம் வேண்டும். மூக்குத்தி எந்தப் பக்கம், கழுத்தில் இருந்தது மஞ்சள் கயிறா செயினா, காலில் மெட்டி உண்டா, ஆபரேஷன் தழும்பு எங்கே, பச்சை குத்தியிருக்கிறதா என்பதை எல்லாம் எழுதுங்கள். பிறகு வீட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எந்தச் செருப்பு இல்லை? சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு போனாரா? செல்போன் சார்ஜரிலேயே கிடக்கிறதா? திட்டமிட்டுக் கிளம்பினாரா, சட்டென்று வெளியே வந்தாரா, யாராவது அழைத்துப் போனார்களா என்பதற்கு இவற்றில் துப்பு இருக்கும். மகளிர் குழுக் கடனுக்கோ கந்துவட்டிக்கோ தவணை கேட்டு வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதையும் விடாதீர்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பணம் செலுத்திய தடம் எதுவும் இருக்காது. எனவே பேருந்து நிலையம், தெருமுனைக் கடை, பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் கேமராப் பதிவை உடனே பாதுகாக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். போன் அழைப்பு விவரங்களைக் குடும்பத்தினர் நேரடியாக வாங்க முடியாது; காவல்துறைதான் கேட்டுப் பெற வேண்டும். கேட்டார்களா, எந்தத் தேதியில் கேட்டார்கள் என்று நீங்கள் விசாரிக்கலாம்.

காணவில்லை என்று வாட்ஸ்அப்பில் பகிரும் படத்தில் ஆதார் விவரம் வேண்டாம். "உங்கம்மா எங்ககிட்டதான் இருக்காங்க, ஜிபே பண்ணுங்க" என்று ஏமாற்றுபவர்கள் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். வீடியோ காலில் முகத்தைப் பார்க்காமல், காவல்துறைக்குச் சொல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

தேடத் தவறும் இடங்கள்

நெஞ்சு பதறினாலும் இதைக் கேட்டாக வேண்டும்: அடையாளம் தெரியாத உடல் ஏதும் கிடைத்ததா? தண்டவாளத்தில் கிடைத்த உடலை ரயில்வே போலீஸ் தனியாக விசாரிக்கும். ஊர்க் காவல் நிலையத்துக்கு அது தெரியாமலே போகலாம். அரசு மருத்துவமனைப் பிணவறை, ரயில்வே போலீஸ், பக்கத்து மாவட்டங்கள் என்று தனித்தனியே கேட்கும்படி விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் ரத்த மாதிரியை எடுத்து டி.என்.ஏ. ஒப்பீடு செய்யவும் மனுக் கொடுக்கலாம்.

மனநலம் குன்றிய தாய், மறதி நோய் உள்ள தாய் என்றால் ஊர் பேர் சொல்லத் தெரியாமல் வேறு மாநிலக் காப்பகத்தில் இருக்கவும் கூடும். இப்படி அலைபவர்களுக்காக எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடும் கடமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு காவல்துறைக்குத் தந்திருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், 1993 முதல் வீடற்ற பெண்களைப் பராமரித்துவரும் பேனியன் அமைப்பு போன்ற இடங்களிலும் விசாரியுங்கள்.

அடி உதை தாங்காமல் அவரே வெளியேறியிருந்தால்? வயதுவந்த பெண்ணை யாரும் வீட்டுக்கு இழுத்து வர முடியாது. அவர் உயிரோடு பத்திரமாக இருக்கிறார் என்ற செய்தி பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்; முகவரியைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அப்படி வெளியேறிய பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது.

விசாரணை நகராவிட்டால்

எஃப்.ஐ.ஆர். பதிந்த வழக்கில் விசாரணையின் நிலையை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு. அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். யாரோ அடைத்துவைத்திருப்பதாகச் சந்தேகிக்க ஆதாரம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம். வெறுமனே காணவில்லை என்பதற்கு அந்த மனு நிற்காமல் போகலாம். விசாரணையை முறையாக நடத்த உத்தரவிடக் கோரும் மனுவே அப்போது பொருந்தும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம்.

ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால், இறந்துவிட்டதாக அனுமானிக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 111-வது பிரிவு இடம் தருகிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் அதற்கான தீர்ப்பைப் பெற அந்தப் பழைய எஃப்.ஐ.ஆர். முக்கியமான ஆதாரம். ஆனால் அந்த அனுமானம் சொத்து, வாரிசு, வங்கிக் கணக்கு போன்ற விவகாரங்களைத் தீர்க்கத்தான். அம்மாவுக்கு என்ன ஆனது என்ற விசாரணை அதோடு முடிந்துவிடாது. கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரக் காலக்கெடு கிடையாது. புதிதாக ஒரு சாட்சியோ தடயமோ கிடைத்தால் பத்தாண்டு கழித்தும் கோப்பைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அது உங்கள் உரிமை.