எஞ்சினை இறக்குமுன்

வீட்டு முற்றத்திலே பழைய அம்பாசிடர் கார் ஒன்று நிற்கக் காண்பது இன்றும் அரிதன்று. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. எனினும், தந்தை வாங்கிய வண்டி என்றும், பிள்ளைகள் பிறந்தபோது வீடு கொண்டுவந்த வண்டி என்றும் அதனை விற்க மனமின்றி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. ஒருநாள் அது புகை கக்கி, மிஸ்ஸிங் அடித்து, மேட்டில் ஏற மறுக்கின்றது. உடனே, “எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும்” என்று யாரேனும் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஓய்வூதியத்தில் வாழும் இல்லத்துக்கு அது தாங்கவொண்ணாச் செலவு. அத்தீர்ப்பு சரிதானா என்று வீட்டிலேயே சோதித்தறிய வழியுண்டு.

இக்காரின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், பிரித்தானிய மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்தது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கணினியோ உணர்கருவியோ அதில் இல்லை. கோளாறு எதுவாயினும் மூன்று வினாக்களுள் பெரும்பாலும் அடங்கிவிடும். பெட்ரோலும் காற்றும் அளவோடு கலந்து வருகின்றனவா? அக்கலவை சிலிண்டருக்குள் நன்கு அழுத்தப்படுகின்றதா? உரிய கணத்தில் தீப்பொறி எழுகின்றதா? இவற்றுக்கு விடை காணாமல் ஸ்பேனரை எடுப்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். முனை சாம்பல் கலந்த பழுப்பாயிருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகுந்த சூடு. எண்ணெய்ப் பிசுக்கானால் உள்ளே எண்ணெய் ஏறுகின்றது. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலமும் இருத்தல் வேண்டும். பாயிண்டும் கண்டென்சரும் மலிவான பொருள்கள். இவற்றின் தேய்மானத்தையே எஞ்சினின் முதுமை என்று மயங்குவோர் உளர்.

அடுத்தது அழுத்தச் சோதனை. பிளக்குகள் கழற்றிய நிலையில், காயிலின் இணைப்பை நீக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜால் அளந்து எழுதுங்கள். ஒன்று குறைந்திருந்தால், அதனுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளவுங்கள். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருப்பின், இடையில் ஹெட் கேஸ்கெட் விட்டுப்போயிருக்கக்கூடும். ரீபோர் தேவையா என்பதற்கு, வாய்ச்சொல்லைவிட இவ்வெண்களே தக்க சாட்சி.

வால்வின் குறையென்று தோன்றினாலும், முதலில் டாப்பெட் இடைவெளியைச் சரிபாருங்கள். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்க. ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். ராக்கரின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கையேடு குறிக்கும் அளவுள்ள ஃபீலர் கேஜ் தகடு சற்றே உராய்ந்து நகருமாறு திருகை அமைத்து, நட்டை இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும்.

இப்பணி இன்று முன்னிலும் இன்றியமையாதது. 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையில் இல்லை. அந்த ஈயமே பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்து வந்தது. இருக்கை தேயத் தேய வால்வு உள்வாங்கி, டாப்பெட் இடைவெளி குறையும். இறுதியில் வால்வு மூடாமல் கருகும். மேலும், இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை நலிவடையச் செய்கின்றது. வெடித்த குழாயைக் கண்டால் தாமதமின்றி மாற்றுங்கள். கசியும் பெட்ரோல் தீயை அழைக்கும்.

வீட்டு வேலைக்கு எல்லையும் உண்டு. எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடைபோல் வெளுத்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துவந்தால், நீர் எண்ணெயில் கலந்திருக்கக்கூடும். அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டொலி எழுந்தால் பேரிங் பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டாது, தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. சூடான ரேடியேட்டரைத் திறவாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அருகில் நிற்கும் பிள்ளையின் உயிரையும் அது ஓசையின்றிப் பறித்துவிடும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, வண்டியை ஓட்டிப் பார்த்து, பலனை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாள், ஓடிய தூரம், நான்கு சிலிண்டர்களின் அழுத்தம் ஆகியவை அதிலிருக்கட்டும். எழுதும் வேலையை மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். பின்னொரு நாள் “எஞ்சினை இறக்க வேண்டும்” என்று ஒருவர் கூறும்போது, அந்த ஏட்டை விரித்துப் பார்த்து, ஆம் என்றோ அல்ல என்றோ நீங்களே சொல்லலாம்.