ஒரு விமானம், இரண்டு திவால்
ஜெட் ஏர்வேஸ் வழக்கில் இரு நாட்டு நீதிமன்றங்கள் ஒத்துழைத்தன. ஆனால் உழைத்தவர்களுக்கும் சரக்கு கொடுத்தவர்களுக்கும் என்ன மிச்சம்?

2019 ஏப்ரல் 17 இரவு. அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கிளம்பியது ஒரு ஜெட் ஏர்வேஸ் விமானம். 1993-ல் நரேஷ் கோயல் தொடங்கிய நிறுவனத்தின் கடைசிப் பயணம் அது.

ஜூன் 20-ம் தேதி ஸ்டேட் வங்கியின் மனுவை மும்பை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே நெதர்லாந்து நீதிமன்றம் ஜெட்டைத் திவாலானதாக அறிவித்துவிட்டது. பாக்கி வராத ஐரோப்பிய நிறுவனங்கள் போட்ட வழக்கு அது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஜெட்டின் போயிங் 777 ஒன்றும் முடக்கப்பட்டிருந்தது.

வெளிநாட்டுச் சொத்து பற்றி 2016-ன் திவால் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஆனால் அவை செயல்பட அந்தந்த நாட்டோடு ஒப்பந்தம் வேண்டும். நெதர்லாந்தோடு அப்படி ஒன்று இல்லை. எனவே டச்சு நடவடிக்கை செல்லாது என்றது மும்பை தீர்ப்பாயம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வேறு வழி கண்டது. மும்பையில் முக்கிய வழக்கு. டச்சு நிர்வாகி கடன் கொடுத்தோர் குழுக் கூட்டங்களில் உட்காரலாம், ஓட்டு கிடையாது. 2019 செப்டம்பரில் ஏற்கப்பட்ட இந்த ஏற்பாடு இந்தியாவுக்குப் புதிது.

சட்டம் ஜெயித்தது, விமானம் எழவில்லை. ஜலான்-கால்ராக் கூட்டணியின் மீட்புத் திட்டம் 2021 ஜூனில் அங்கீகாரம் பெற்றும் நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 7-ம் தேதி நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், கூட்டணி போட்ட 200 கோடி ரூபாயையும் பறிமுதல் செய்தது.

இனி வரிசைதான். வழக்குச் செலவு முதலில். அடுத்து தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும், அடமானம் பெற்ற வங்கிகளும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். இந்த மாதங்கள் எண்ணப்படுவது கலைப்பு தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி. ஜெட் நின்று ஐந்தரை ஆண்டுக்குப் பிறகே அந்த நாள் வந்தது என்பதில்தான் தாமதத்தின் விலை இருக்கிறது. பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் மட்டும் இந்த வரிசைக்கு வெளியே.

சரக்கு கொடுத்தவர்கள் வரிசையின் வால். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்கு ஒரு பெரிய கம்பெனி 20 லட்சம் பாக்கி வைத்தால், பட்டறைக்காரர் தனியாகத் திவால் மனு போடவே முடியாது. முன்பு 1 லட்சமாக இருந்த வரம்பு 2020 மார்ச்சில் 1 கோடியானது.

அவருக்கு மிஞ்சுவது 2006-ன் சிறுதொழில் சட்டம். 45 நாளுக்குள் பணம் வராவிட்டால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு, மாநில சமரசக் கவுன்சிலில் முறையிடலாம். ஆனால் சரக்கு கொடுப்பதற்கு முன்பே பட்டறை சிறுதொழிலாகப் பதிவாகியிருக்க வேண்டும். கையில் பில் வேண்டும். வாய்வார்த்தையில் சரக்கு கொடுப்பவருக்கு எந்த வரிசையிலும் இடமில்லை.