தங்கத் துகளில் வரி வரியாய்

சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களைச் சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அதனால் தயோல் எனப்படும் கந்தக மூலக்கூறுகளை அவற்றுக்குப் போர்வையாக்குகிறார்கள். கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1994இல் லிவர்பூலில் புருஸ்ட்டும் ஷிஃப்ரினும் சகாக்களும் இதற்கு எளிய செய்முறை தந்தபின் உலகெங்கும் ஆய்வகங்களில் இது அன்றாட வேலையாகிவிட்டது.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபிரான்செஸ்கோ ஸ்டெல்லாச்சி குழு ஒரே துகளில் இரு வகை மூலக்கூறுகளைக் கலந்து பார்த்தது. ஒன்று நீரை வெறுக்கும், நீளமானது. மற்றது நீரை விரும்பும், குட்டையானது. வருடும் ஊடுருவல் நுண்ணோக்கியில், அதாவது எஸ்டிஎம்மில், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அகலத்தில் வரிகள் துகளைச் சுற்றி ஓடுவதாக 2004இல் அறிவித்தார்கள்.

யாரும் வரையாமல் வரி எப்படி வரும்? பிடிக்காத மூலக்கூறுகள் விலகிப் பிரியப் பார்க்கும். ஆனால் முழுக்கப் பிரிந்தால் நீள வால்கள் நெருக்கியடித்து நிற்கவேண்டும். குட்டை மூலக்கூறு பக்கத்தில் இருந்தால்தான் நீள வாலின் நுனி தாராளமாக ஆடலாம். அந்தச் சுதந்திரத்தின் அளவே என்ட்ரோபி. இரண்டு இழுப்புக்கும் நடுவில் கிடைக்கும் சமரசம்தான் ஒடுங்கிய வரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷாரன் குளோட்சர் குழு 2007இல் கணினிப் பாவனையில் இதையே காட்டியது. கோளத்தின்மேல் வரி போட்டால் இரு துருவங்களில் ஒழுங்கு குலையும், தலைமுடியில் சுழி விழுவதுபோல. அந்த இரு இடங்களில் மட்டும் வேறு மூலக்கூறைப் பொருத்தித் துகள்களைச் சங்கிலியாகக் கோத்ததாகவும் ஸ்டெல்லாச்சி குழு அறிவித்தது.

2008இல் வந்த அதே குழுவின் ஆய்வுதான் மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது. வரியுள்ள துகள்கள் செல் சவ்வைக் கிழிக்காமல், 4 டிகிரி குளிரிலும் உள்ளே நுழைந்தனவாம். அந்தக் குளிரில் செல் எதையும் விழுங்காது.

பிறகு தகராறு. லிவர்பூலிலிருந்தே ரஃபேல் லெவி 2012இல் கேள்வி எழுப்பினார்: தெரிவது வரியா, நுண்ணோக்கி முனையின் பின்னூட்டச் சுற்று உண்டாக்கிய பிழையா? நாட்டிங்ஹாமின் பிலிப் மோரியார்ட்டியும் சேர்ந்து எழுதிய 2014 ஆய்வு, பழைய படங்கள் வரிகளை நிறுவவில்லை என்றது. ஸ்டெல்லாச்சி தரப்பு விடவில்லை. புதிய எஸ்டிஎம் படங்கள், என்எம்ஆர் எனும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, நியூட்ரான் சிதறல் என்று வேறு சான்றுகளை முன்வைத்தது.

என் பார்வையில், துகளின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் தாமாகப் பிரிந்து அமையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2004இன் படங்களை மட்டும் அதற்குச் சாட்சியாக ஏற்கமுடியாது.