கூலியை மறுப்பவர் யார்? செயலி வழி வருகைப் பதிவும் டெல்டாவின் தலித் உழைப்பாளர்களும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நெல் வட்டாரம் திருப்பனந்தாள். மடங்கள், கோயில்கள், மிராசுதாரர்கள் ஆகியோரிடம் நிலம் குவிந்திருந்த பழைய தஞ்சை மாவட்டத்தில், அந்நிலத்தில் நட்டு அறுத்தவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தவை கூலி உயர்வுக் கோரிக்கையும் சங்கம் சேரும் உரிமையுமே. அக்காலத்தில் கூலியை மறுத்தவர் யார் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. களத்துமேட்டில் நின்று அவரிடம் கேட்க முடிந்தது.

2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் இரண்டாம் கட்டமாகத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்தபோது, நிலவுடைமையாளரின் தயவின்றி ஒரு கூலி கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றே. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். திருப்பனந்தாள் ஒன்றியத்தின் ஊராட்சிகளில் வாய்க்கால் தூர்வாரும் பெண்களுக்கு அது வெறும் பணமன்று. பண்ணை வேலையை மறுத்துப் பேசுவதற்கான துணிவும் ஆகும்.

அந்தக் கூலிக்கும் உழைப்பவருக்கும் இடையே இன்று கைப்பேசி நிற்கிறது. 2021 மே மாதம் ஒன்றிய அரசு வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களிலும் அது கட்டாயமாயிற்று. நாளுக்கு இருமுறை, இடமும் நேரமும் பதிவாகும் வகையில் உழைப்பாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். வெட்டிய மண்ணின் அளவுக்கே கூலி என்றிருந்தும், அளவை முடித்தவர் இரண்டாம் படத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. படம் ஏறாவிட்டால் செய்த வேலையே கணக்கில் இல்லாமல் போகும்.

அடுத்த தடை ஆதார் வழிக் கூலி. 2024 ஜனவரி 1 முதல் அதுவும் கட்டாயம். வேலை அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். திருமணமான பெண்ணுக்கு ஓர் ஆவணத்தில் தந்தையின் முதலெழுத்தும் மற்றொன்றில் கணவரின் முதலெழுத்தும் இருப்பது நம் ஊர்களில் இயல்பு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட குடும்பங்களில் அப்பெயர்களை எழுதியவர்களும் பிறரே. அவர்கள் செய்த பிழைக்குத் தண்டனை அப்பெண்ணுக்கு.

கணினிக்குச் சாதி தெரியாது என்பார்கள். 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் என மூன்றாகப் பிரித்துக் கூலி வழங்க மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஒரே தளத்தில் ஒன்றாக மண் சுமந்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வரும் நிலை ஏற்பட்டது. எதிர்ப்புக்குப் பின்னரே அம்முறை கைவிடப்பட்டது. கணினிக்குச் சாதி தெரிவதும் தெரியாததும் அதை இயக்குபவரின் முடிவு.

முறைகேட்டைத் தடுக்கவே செயலி என்றார்கள். ஆனால், படத்தையே மீண்டும் படம் எடுத்து ஏற்றுவது உள்ளிட்ட முறைகேடுகள் செயலியிலேயே நடப்பதாக 2025 ஜூலையில் அதே அமைச்சகம் சுட்டிக்காட்டி, பதிவுகளை ஊராட்சி அளவில் ஆட்களே சரிபார்க்க உத்தரவிட்டது. ஏய்ப்பவர் வழி கண்டுகொண்டார். உழைத்தவர் வெயிலில் காத்திருந்தார்.

இதன் மிகப் பெரிய இழப்பு, பொறுப்பாளி மறைந்துபோனதே. கூலி ஏன் வரவில்லை என்று கேட்டால் பணித்தளப் பொறுப்பாளர் ஒன்றிய அலுவலகத்தையும், அலுவலகம் வங்கியையும், வங்கி ஆதாரையும் கைகாட்டும். இறுதியில் கிடைக்கும் விடை, ‘சர்வர் வேலை செய்யவில்லை’. சர்வரின் வாசலில் எவரும் முற்றுகையிட முடியாது. பதினைந்து நாளுக்குள் கூலி தராவிட்டால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்று சட்டம் சொன்னது. ஆறு நாள் கூலியான 2,016 ரூபாய்க்கு அது நாளுக்கு ஒரு ரூபாய். அதைக்கூடக் கேட்டுப் பெற, தாமதம் யாரால் என்று காட்டும் காகிதம் வேண்டும்.

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய ஊரக வேலைச் சட்டம் 125 நாள் வேலை என்கிறது. உயிரியளவுச் சரிபார்ப்பையும் செயற்கை நுண்ணறிவையும் அது சட்டத்துக்குள்ளேயே கொண்டுவருகிறது. விவசாய வேலை மிகுந்த காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்கிறது. நடவும் அறுப்பும் நடக்கும் அந்நாட்களில்தான் பண்ணைக் கூலியைப் பேரம் பேசும் வலிமை உழைப்பவருக்கு வேண்டும்.

நாம் தொழில்நுட்பத்தை எதிர்க்கவில்லை. வேலை கேட்டதற்கும் வேலை செய்ததற்கும் அன்றே கையொப்பமிட்ட ஒப்புகைச்சீட்டு, செயலி பழுதானால் கையெழுத்துப் பதிவேடே செல்லும் என்ற விதி, கூலி நின்றால் விடை சொல்லக் கடமைப்பட்ட அலுவலரின் பெயர் ஊராட்சி அலுவலகச் சுவரில்: இம்மூன்றையும் கிராம சபையில் தீர்மானமாக்கக் கோருவோம். கல்லூரி மாணவர்கள் தம் குடியிருப்பின் வேலை அட்டைகளை ஆதாருடன் ஒப்பிட்டு, பெயர் மாறுபட்டவற்றைப் பட்டியலிட்டு அளிக்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்ததால்தான் நம் முன்னோர் கூலிப் போராட்டங்களை நடத்த முடிந்தது. முதலில் அதை மீட்போம்.