எலிமாயிஸ்: ஒரே வீடு, தனி அடுப்பு

கூட்டுக் குடும்பத்தில் தம்பி தனி அடுப்பு மூட்டிக்கொள்கிறார் என்று வையுங்கள். வாசல் ஒன்றுதான், குடும்பத்துக்குப் பெரியவர் அண்ணன்தான். ஆனால் இன்றைக்கு என்ன சமையல் என்பது தம்பி வீட்டு முடிவு. இன்றைய தென்மேற்கு ஈரானில், ஸாக்ரோஸ் மலைப்பகுதியில் இருந்த எலிமாயிஸ் நாடு, அண்ணன்களான பேரரசுகளின் கீழ் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் இயங்கியது.

ஏன் தனி அடுப்பு?

அண்ணனின் பெருந்தன்மை காரணமல்ல, மலைதான் காரணம். குறுகிய கணவாய்களில் பெரும்படை சிக்கிக்கொள்ளும். எலிமாயிஸுக்கு முன்பே அந்த மலைகளில் வாழ்ந்த ஊக்சியர் என்ற மக்களுக்கு, சூசாவிலிருந்து பெர்செபோலிஸுக்குப் போகும் பாரசீகப் பேரரசர்களே வழிப்பணம் கொடுத்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன். அலெக்சாந்தர் கொடுக்க மறுத்துப் போரிட்டு வென்றார். மேய்ச்சலே தொழிலான அந்த மக்களிடம் பணம் ஏது? ஆண்டுக்கு 100 குதிரைகள், 500 பொதிவிலங்குகள், 30,000 ஆடுகள் என்று திறை விதித்தார்.

அடுப்பு எரிவது எப்படித் தெரியும்?

காசைப் பாருங்கள். கி.மு. 147 வாக்கில் கம்நஸ்கிரெஸ் என்ற எலிமாயிஸ் அரசர், அலெக்சாந்தருக்குப் பின் அந்தப் பகுதியை ஆண்ட செலூக்கியரிடமிருந்து சூசாவைப் பிடித்துத் தன் பெயரில் காசு அடித்தார். கி.மு. 82 வாக்கில் வெளிவந்த வெள்ளிக்காசில் இன்னொரு கம்நஸ்கிரெஸும் அரசி அன்சாசேயும் அருகருகே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நங்கூரம். அது செலூக்கியரின் பழைய சின்னம். பழைய எசமானரின் முத்திரையையே தன்னாட்சியின் அடையாளமாக்கிக்கொண்டது இந்த மலைநாடு.

தம்பியின் பூஜை அறையில் கை வைத்தால்?

ரோமரிடம் தோற்ற செலூக்கிய மன்னர் மூன்றாம் அந்தியோகஸ், கி.மு. 188 உடன்படிக்கைப்படி 15,000 தாலந்து வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டே எலிமாயிஸின் பேல் தெய்வக் கோயில் செல்வத்தை எடுக்கப் போனார், அங்கேயே கொல்லப்பட்டார். பின்னர், செலூக்கியருக்கு அடுத்த பேரரசான பார்த்தியாவின் மன்னர் முதலாம் மித்ரிடேட்ஸ் கோயில்களின் செல்வத்தை அள்ளிச் சென்றார். அப்போதும் அடுப்பு அணையவில்லை. அவருக்குப் பின் வந்த காசுகளிலும் கம்நஸ்கிரெஸ் என்ற பெயர் இருக்கிறது. பேரரசர் பட்டத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு, உள்ளூர் அரசர்களை விட்டுவைப்பதே பார்த்தியர் வழக்கம்.

எப்போது அணைந்தது?

வீட்டுக்கு ஒரே சமையலறைதான் என்று நினைத்தவர் சாசானிய வம்சத்தை நிறுவிய அர்தசீர். கி.பி. 224இல் பார்த்தியப் பேரரசரை வீழ்த்திய அவரது ஆட்சியில் எலிமாயிஸின் தனிக்காசு நின்றுபோனது.

பாரசீக வரலாற்றைப் படிப்பவர்கள் சைரஸ், டாரியஸ் போன்ற பேரரசர்களின் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். மலைநாடுகளை எவ்வளவு தூரம் விட்டுப்பிடிக்கத் தெரிந்திருந்தது என்பதிலும் அந்தப் பேரரசுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது.