குற்றம் வேறு, குணம் வேறு

1898 கிறிஸ்துமஸ் சமயம். நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் அத்லெடிக் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் ஹாரி கார்னிஷுக்குத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே வெள்ளியில் செய்த சின்னத் தாங்கி. கூடவே புரோமோ செல்ட்ஸர் என்ற தலைவலி மருந்துக் குப்பி. அனுப்பியவர் பெயர் இல்லை. யாரோ வேடிக்கையாக அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். டிசம்பர் 28 காலை, அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா கேத்தரின் ஆடம்ஸுக்குத் தலைவலி. அந்த மருந்தையே தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார் கார்னிஷ். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். மருந்தில் சயனைடு கலந்திருந்தது.

போலீஸ் கைது செய்தது ரோலண்ட் மோலினூ என்பவரை. பெயின்ட் தொழிற்சாலையில் ரசாயன நிபுணர், உள்நாட்டுப் போரில் பேர்பெற்ற ஒரு தளபதியின் மகன், கார்னிஷோடு கிளப்பில் மனத்தாங்கல் உள்ளவர். விசாரணையில் அரசுத் தரப்பு இன்னொரு சாவையும் உள்ளே கொண்டுவந்தது. ஹென்றி பார்னெட் என்பவரும் தபாலில் வந்த ஒரு மருந்துப் பொடியைச் சாப்பிட்ட பிறகு, நவம்பர் மாதம் இறந்திருந்தார். அவரும் மோலினூவும் ஒரே பெண்ணை விரும்பியவர்கள். பார்னெட் இறந்த அதே மாதத்தில் மோலினூவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. இதையெல்லாம் கேட்ட ஜூரிக்குச் சந்தேகம் மிச்சம் இருந்திருக்குமா? 1900 பிப்ரவரியில் குற்றவாளி என்றார்கள். மரண தண்டனைக் கைதியாக சிங் சிங் சிறைக்குப் போனார் மோலினூ.

1901 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அப்பீல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மோலினூ நிரபராதி என்று நீதிபதிகள் சொல்லவில்லை. வழக்கு ஆடம்ஸ் கொலைக்குத்தான். பார்னெட் சாவுக்காக அவர்மீது வழக்கே நடக்கவில்லை. குற்றப்பத்திரிகையில் இல்லாத ஒரு கொலையைக் காட்டி, ‘அதைச் செய்த ஆள் இதையும் செய்திருப்பான்’ என்று ஜூரியை நினைக்கவைத்தது தவறு என்றார்கள். வேறு குற்றத்தின் சாட்சியம் எப்போது வரலாம் என்பதையும் எழுதிவைத்தார்கள். நோக்கத்தைக் காட்ட, கருதியே செய்ததைக் காட்ட, தவறுதலாக நடக்கவில்லை என்று காட்ட, ஒரே திட்டத்தின் பகுதி என்று காட்ட, செய்தவர் இவர்தான் என்று அடையாளம் காட்ட வரலாம். ஆள் மோசமானவன் என்று காட்ட மட்டும் வரக் கூடாது. 1902-ல் நடந்த மறுவிசாரணையில் மோலினூ விடுதலையானார். கேத்தரின் ஆடம்ஸைக் கொன்றதற்காக யாருமே தண்டனை அனுபவிக்கவில்லை.

முதல் தண்டனையை ரத்து செய்த இந்த அப்பீல் நீதிமன்றம் இருப்பது மாநிலத் தலைநகரான ஆல்பனியில். ஏழு நீதிபதிகள். நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்றால் கீழே விசாரணை நடக்கும் நீதிமன்றம். அதற்கு மேலே அப்பீல் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே இது. மாநிலச் சட்டத்துக்கு இவர்கள் சொல்லும் பொருளே முடிவு, வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம்கூட அதைத் திருத்த முடியாது. அமெரிக்கர்களின் கொலை, கொள்ளை, சொத்து, ஒப்பந்த வழக்குகளில் பெரும்பாலானவை இப்படி மாநில நீதிமன்றங்களிலேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. அப்பீலில் சாட்சிக் கூண்டு கிடையாது, ஜூரி கிடையாது. கீழே பதிவான ஒவ்வொரு வார்த்தையும் கட்டுக் கட்டாக மேலே வருகிறது. அந்தக் கட்டுக்குள் இருப்பதை வைத்துக்கொண்டு, விசாரணை சட்டப்படி நடந்ததா என்று பார்ப்பதே அவர்கள் வேலை.

இதே நீதிமன்றத்துக்கு 1889-ல் வேறொரு விஷ வழக்கு வந்தது. இது சிவில். பிரான்சிஸ் பால்மர் என்ற முதியவர், சொத்தில் பெரும்பகுதியைப் பேரன் எல்மருக்கு எழுதிவைத்திருந்தார். மறுமணம் செய்துகொண்ட தாத்தா உயிலை மாற்றிவிடுவார் என்று பயந்த பேரன், 16 வயதில், அவருக்கு விஷம் வைத்துக் கொன்றான். கொலைக் குற்றம் நிரூபணமாகிச் சிறைக்கும் போனான். ஆனால் உயிலில் பெயர் அவனுடையதுதானே? அது முறைப்படி எழுதிய உயில். கொலைகாரனுக்குச் சொத்து போகக் கூடாது என்று நியூயார்க் சட்டத்தில் அப்போது ஒரு வரிகூட இல்லை. கீழ்நீதிமன்றங்கள் அவன் பக்கமே தீர்ப்பளித்தன. முதியவரின் மகள்கள் அப்பீல் போனார்கள்.

தன் குற்றத்தால் எவனும் ஆதாயம் அடையக் கூடாது என்பது எல்லாச் சட்டங்களுக்கும் அடியில் ஓடுகிற கொள்கை என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஏர்ல். ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் பேரனுக்குச் சொத்து இல்லை என்று ஆனது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் கிளின்டன் கிரேயும் லேசுப்பட்டவர் அல்ல. கொலைக்கான தண்டனையைச் சட்டம் கொடுத்துவிட்டது. சட்டத்தில் இல்லாத இன்னொரு தண்டனையை நாமாகச் சேர்க்க நமக்கு ஏது அதிகாரம் என்று கேட்டார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த இரண்டு குரலும் மோதிக்கொள்கின்றன. நம் ஊரில் நாடாளுமன்றமே இதற்கு விடை எழுதிவிட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்குப் பிடிபடுவது இதுதான். நிரூபணமான குற்றம் ஆளைத் துரத்திக்கொண்டு சிவில் நீதிமன்றம் வரை வரலாம், வரவும் வேண்டும். நிரூபணமாகாத குற்றத்துக்கு அந்த உரிமை இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 54-வது பிரிவும் இதையொட்டியே, குற்ற வழக்கில் எதிரியின் கெட்ட நடத்தையைச் சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது என்றது. தன்னை நல்லவன் என்று அவரே நிரூபிக்க முயன்றால் பதிலுக்குக் காட்டலாம். 2024-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது.

இந்த விதியைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை 2024 ஏப்ரல் 25 காட்டியது. சினிமா தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனுக்குப் பாலியல் வன்முறை வழக்கில் 2020-ல் கிடைத்த 23 ஆண்டுத் தண்டனையை, மோலினூ தீர்ப்பைச் சொல்லி ஆல்பனி நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றப்பத்திரிகையில் இல்லாத சம்பவங்களைப் பற்றி மூன்று பெண்களைச் சாட்சி சொல்லவிட்டது விசாரணை நீதிமன்றத்தின் பிழை என்றது. வைன்ஸ்டீன் கூண்டேறினால், அவருடைய பழைய அடாவடிகளையெல்லாம் குறுக்கு விசாரணையில் கிளறலாம் என்று அனுமதித்ததும் பிழை என்றது. சின்னப் பிழை என்றால் தண்டனை நிற்கும். இங்கே வழக்கே புகார் சொன்னவர்களை நம்புவதா வேண்டாமா என்பதில் நின்றதால், அந்தக் கூடுதல் சாட்சிகள் தராசைச் சாய்த்திருப்பார்கள் என்று நீதிபதி ஜென்னி ரிவேராவின் தீர்ப்பு சொன்னது.

நான்குக்கு மூன்று. அதற்கு முன் அப்பீல் பிரிவில் ஐந்து நீதிபதிகளும் தண்டனையை ஒருமனதாக உறுதிசெய்திருந்தார்கள். இரண்டு கட்டத்தையும் கூட்டினால், தண்டனை சரி என்றவர்கள் எட்டுப் பேர், தவறு என்றவர்கள் நான்கு பேர். ஆனாலும் மேலே இருந்த நால்வரின் சொல்லே நின்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய மாடலின் சிங்காஸ், பாலியல் வன்முறை எப்படி நடக்கிறது என்பதைப் பெரும்பான்மை புரிந்துகொள்ளவில்லை என்று கடுமையாகச் சாடினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நால்வர் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். ஊரே வெறுக்கும் ஆளுக்கு விதியைத் தளர்த்தினால், அப்பீல் செலவுக்கு வழியில்லாத ஏழைக் கைதியின் வழக்கிலும் அந்தத் தளர்வே முன்னுதாரணமாக வந்து நிற்கும்.

இதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 தண்டனைக்கு அடிப்படையான புகார்களைச் சொன்ன பெண்கள் 2025-ல் மறுபடி கூண்டேறினார்கள். நடந்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள், மறுபடி குறுக்கு விசாரணையைத் தாங்கினார்கள். விசாரணை நீதிமன்றம் முதல்முறையே வரம்போடு நின்றிருந்தால் அவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. அந்த ஜூனில் ஒரு பெண்ணின் புகாரில் வைன்ஸ்டீன் குற்றவாளி என்றது ஜூரி. புதிதாகச் சேர்ந்திருந்த புகாரில் விடுவித்தது. முதல் விசாரணையில் இருந்த இன்னொரு பெண்ணின் புகாரில், ஜூரித் தலைவர் தொடர்ந்து விவாதிக்க மறுத்துவிட்டதால் தீர்ப்பே வரவில்லை.